வீட்டில் நோயாளியையோ கைக்குழந்தையையோ பார்த்துக்கொள்ளும் மாணவர்கள்: வருகையில் சலுகை தரலாமா?

வியாசை வாத்தியார்:
அம்மாவுக்கு டயாலிசிஸ், தாத்தாவுக்குப் பக்கவாதம், ஒன்றரை வயதுத் தம்பி. இப்படி யாரையாவது பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகள் சென்னையில் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். இங்கிலாந்தில் 2014 சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட இவர்களுக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பு மதிப்பிட வேண்டும். 2023 முதல் பள்ளிக் கணக்கெடுப்பிலும் இவர்கள் உண்டு. நாமும் பள்ளிக்கு ஒரு பட்டியல் வைத்து, முதல் பீரியட் தாமதத்துக்கும் வீட்டுப்பாடத்துக்கும் தளர்வு தரலாம் என்கிறேன்.

மணலி கணக்கு டீச்சர்:
எனக்கு இதுல உடன்பாடு இல்ல சார். "லேட்டா வந்தா பரவாயில்ல"ன்னு ஸ்கூலே சொல்லிட்டா, அந்த வேலை அந்தப் பிள்ளைக்கே நிரந்தரமாயிடும். அண்ணன் சும்மா இருக்கிற வீட்டுலயும் தங்கச்சிதான் வேலை பார்ப்பா. அடுத்தது, பல ஸ்கூல்ல முதல் பீரியட் தினமும் வகுப்பாசிரியர் பாடம். அவர் கணக்கு எடுத்தா வாரத்துல அஞ்சு நாளும் போறது கணக்குதான். 8 வரைக்கும் எல்லாரும் பாஸ், அதனால ஓட்டை வெளிய தெரியாது. 9-ல இயற்கணிதம் கனமாகும்போது தெரியும், அப்போ டியூஷன் வெக்கவும் அந்த வீட்டுல காசு இருக்காது.

ஓஎம்ஆர் சமூகப்பணி:
டீச்சர் சொல்ற பயம் நியாயம். ஆனா சலுகையே தராட்டி பிள்ளை ஸ்கூலை விட்டே நின்னுடும். அப்படி நிக்கிறது நம்ம கண்ணுக்கும் படாது. குழந்தைத் தொழிலாளர் விதிகள்படி, தகவல் சொல்லாம தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையைப் பத்தித்தான் தலைமையாசிரியர் அதிகாரிக்குச் சொல்லணும். டயாலிசிஸுக்கு வாரம் ரெண்டு நாள் துணைக்குப் போற பிள்ளை 30 நாள் சேர்ந்தாப்ல லீவு போடவே போடாது. வருகை மட்டும் 60 சதவீதத்துல நிக்கும்.

கண்டுபிடிக்கப் பட்டியல் வேணாம், வருகைப் பதிவேட்டைக் குறுக்கால பார்த்தாப் போதும். ஒவ்வொரு வாரமும் அதே கிழமை விடுப்புன்னா ஆஸ்பத்திரி நாள். தினமும் 20 நிமிஷம் தாமதம்னா சின்னக் குழந்தை, இல்ல தண்ணி லாரி. வகுப்புல தூங்கினா, ராத்திரி யாரையோ பார்த்துக்குதான்னு கேக்கணும். படுக்கையில இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடணும், இல்லன்னா முதுகுல புண் வந்துடும். ஏர் பெட் வாங்கினா புண் வர்றது குறையும், ஆனா புரட்டுற வேலை போகாது.

எஸ்எம்சி பட்டினப்பாக்கம்:
ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல (எஸ்எம்சி) இருக்கிற ஒரு பெற்றோரா சொல்றேன். பட்டியல்னு பேர் வெச்சா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. அம்மாவுக்கு மனநோய்ன்னா, "பிள்ளைய ஹோம்ல போட்டுடுவாங்க"ன்னுதான் முதல் பயம். ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சா மதியத்துக்குள்ள தெருவுக்கே தெரியும், இத யாரும் மறுக்க முடியாது.

வியாசை வாத்தியார்:
சரிம்மா, பட்டியல் வேண்டாம். ஒரு தாள், தலைமையாசிரியர் பீரோவில். நோயின் பெயர் எழுத வேண்டியதில்லை, "காலை 9.45க்குள் வருவார், அவசரத்துக்கு அலுவலக எண்ணில் அழைக்கலாம்" என்ற அளவுக்குப் போதும். எழுதாமலே விட்டால் வகுப்பாசிரியர் மாறுதலாகும்போது எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்தப் பிள்ளை நான்காம் முறையாக யாரிடமோ அழுதுகொண்டு சொல்ல வேண்டியிருக்கும்.

மணலி கணக்கு டீச்சர்:
தாளுக்கு முடிவுத் தேதி இருக்கணும். நாலு வாரம், அதுக்கப்புறம் மறுபடி பேசணும். அந்த நாலு வாரத்துல வீட்டு வேலை எது குறைஞ்சதுன்னு எழுதலேன்னா, நாம பிள்ளைக்கு உதவல, வீட்டுக்குத்தான் உதவியிருக்கோம்.

ஓஎம்ஆர் சமூகப்பணி:
இத ஒத்துக்கிறேன். குறைக்க வழியும் இருக்கு.

பிபி, சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் வரிசையில நிக்க வேணாம். 2021-ல வந்த "மக்களைத் தேடி மருத்துவம்" அரசுத் திட்டத்துல பேரைப் பதிஞ்சா மாத்திரை வீட்டுக்கு வரும். பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதே திட்டம்தான். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் சாயந்தரம் 4 முதல் 8 வரை இருக்கு, காலை ஓபிக்காக லீவு போடறது குறையும். டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம், போக வர சேர்த்தா அன்னிக்கு நாள் போச்சு. ஒரு நாளாவது சனிக்கிழமைக்கு மாத்திக் கேக்கலாம். தலைமையாசிரியர் கடிதம் இருந்தா பேச்சு சுலபம்.

காசுக்கு, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டம் மிஷன் வாத்சல்யாவுல நிதி ஆதரவு மாசம் 4,000 ரூபாய். பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில இருந்தாலோ, பார்த்துக்க முடியாத நிலையில இருந்தாலோ கேக்கலாம். நகரத்துல ஆண்டு வருமானம் 96,000-க்குள்ள இருக்கணும். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். தடங்கல் முகவரியிலதான் வரும். பெரும்பாக்கம் மறுகுடியமர்வு வீடுகளுக்கு மாறின குடும்பத்துக்கு ஆதார் பழைய ஏரியாவுல இருந்தா, வருமானச் சான்றுல சிக்கும். முதல்ல ஆதாரைத் திருத்துங்க, அப்புறம் மனு.

எஸ்எம்சி பட்டினப்பாக்கம்:
கைக்குழந்தைக்கு என்ன வழி? அங்கன்வாடியில ரெண்டு வயசு ஆனாதான் எடுப்பாங்க. வீட்டு வேலைக்குப் போற அம்மா காலையில ஆறு மணிக்கே கிளம்பிடுவா.

ஓஎம்ஆர் சமூகப்பணி:
அங்கதான் எங்களுக்கும் கை ஓடல. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மாசம் கொஞ்சம் கொடுத்து ஏற்பாடு பண்றதைத் தவிர இப்போதைக்கு வேற வழி தெரியல. அதனாலதான் அந்தப் பிள்ளைக்கு மட்டும் சலுகை நாலு வாரத்துல முடியாதுங்கிறேன். தம்பிக்கு ரெண்டு வயசு ஆகிற வரைக்கும் ஓடும்.

மணலி கணக்கு டீச்சர்:
ஆறு மாசம் கணக்கு இல்லாமயா? சரி, அப்போ டைம்டேபிளை மாத்துங்க. முதல் பீரியட்ல விளையாட்டு, ஓவியம், நூலகம்னு போடுங்க. ஒரு வகுப்புக்கு மாத்தறது பெரிய விஷயமே இல்ல. கணக்கு மூணாவது பீரியட் வரட்டும். வருகையை செயலியில ஏத்தின பிறகு வந்தா ஆப்சென்ட்ன்னு விடாம, அன்னிக்கே திருத்துங்க.

வியாசை வாத்தியார்:
விளையாட்டு ஆசிரியர் சண்டைக்கு வருவார், பார்த்துக்கொள்ளலாம். கேட்கும் விதம் பற்றியும் ஒன்று. "வீட்டில் என்ன பிரச்சினை?" என்றால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். "எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிற? கிளம்பறதுக்கு முன்னாடி என்னென்ன முடிக்கணும்? நீ இங்க இருக்கும்போது வீட்ல யார் இருக்காங்க? மாத்திரை, ஊசி யார் கொடுக்கிறா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "நான்தான்" என்று வந்தால் அன்றே சுகாதார நிலைய நர்ஸிடம் பேசுங்கள். இன்சுலின் போட்டபின் நோயாளி சாப்பிடாமல் தூங்கிவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், உளறல் வந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர்; 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 108. பொறுப்பு ஒரு பெரியவருக்கு மாறும் வரை இது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எஸ்எம்சி பட்டினப்பாக்கம்:
பிள்ளை மனசு விட்டுப் பேசினா, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும்.

மணலி கணக்கு டீச்சர்:
அதுக்குத்தான் முதல்லயே பெரியவங்களைக் கூப்பிடணும்ங்கிறேன். பொண்ணுகிட்ட பேசறதுக்கு முன்னாடி அண்ணனையும் அப்பாவையும் உட்கார வெச்சு, காலை வேலையைப் பங்கு போடச் சொல்லுங்க.

ஓஎம்ஆர் சமூகப்பணி:
பிள்ளையைக் கேக்காம வீட்டுக்கு ஆள் அனுப்பினா, அடுத்த நாள் ஸ்கூலுக்கே வராது டீச்சர். முதல்ல பிள்ளை, அதோட சம்மதத்தோட வீடு. தொல்லை, ஆபத்துன்னா மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்காம குழந்தைகள் உதவி எண் 1098.

மணலி கணக்கு டீச்சர்:
அந்தச் சம்மதத்துக்கு எத்தனை வாரம் காத்திருப்பீங்க? அரையாண்டுத் தேர்வு டிசம்பர்ல.