பொது வித்தியாசமா, பொது மாற்றமா?

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில், கூட்டுத் தொடர்வரிசையில் (ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பெறும் எண்வரிசையில்) அந்த எண்ணைக் குறிக்கும் 'பொது வித்தியாசம்' என்பதைப் 'பொது வேறுபாடு' என்று மாற்றலாமா? முன்னது வடசொல்.

———

> முன்னது வடசொல்

அப்படியானால் பெருக்குத் தொடர்வரிசையில் வரும் 'பொது விகிதம்' மட்டும் என்னவாம்? அதை விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. பேச்சுவழக்கில் 17-க்கும் 12-க்கும் வித்தியாசம் 5. 12-க்கும் 17-க்கும் அதே 5. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தே பழகிய கை, 17, 12, 7, 2 என்ற வரிசைக்கும் 5 என்று எழுதிவிடும். விடை −5. குறி தவறியதால் −3 வரவேண்டிய அடுத்த உறுப்பு 7 ஆகிவிடுகிறது. 1/2, 1/3, 1/6 போன்ற பின்னங்களில் வரிசை இறங்குவதே சட்டென்று தெரியாது; அங்கே விடை −1/6.

'வேறுபாடு' வந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. 'பொது மாற்றம்' என் பரிந்துரை. மாற்றம் என்றாலே எதிலிருந்து எதற்கு என்று கேட்கத் தோன்றும்: அடுத்த உறுப்பிலிருந்து முந்தைய உறுப்பைக் கழிக்க வேண்டும். 7, 7, 7 என்றால் மாற்றம் 0. உறுத்தலே இல்லை.

———

ஒவ்வொரு முறையும் சேர்ப்பதால் 'சேர்ப்பெண்' எனலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

———

இலங்கைப் பாடநூல்களில் பகு எண்ணுக்கு (1-ஆலும் தன்னாலும் மட்டுமன்றி வேறு எண்ணாலும் மீதியின்றி வகுபடும் எண்) 'சேர்த்தி எண்' என்று பெயர். குழப்பும்.

'பொது மாற்றம்' எனக்குச் சம்மதம். ஆனால் விளக்கத்தில் 'இடைவெளி' என்ற சொல்லும் வேண்டும். 5ஆம் உறுப்பு 23, 12ஆம் உறுப்பு 58 என்று மட்டும் கொடுத்தால், மொத்த மாற்றம் 35. அதை 8-ஆல் வகுப்பவர்கள் உண்டு. 5 முதல் 12 வரை விரல்விட்டு எண்ணினால் 8 உறுப்புகள் வருமே! வகுக்க வேண்டியது இடைவெளிகளின் எண்ணிக்கையால்: 12 − 5 = 7. ஆக, மாற்றம் 5. சரிபார்க்க, 23-உடன் ஏழு முறை 5 கூட்டினால் 58.

'பொது' என்ற அடைமொழியையும் விடக்கூடாது. 2, 4, 8 என்பதில் முதல் மாற்றம் 2, அடுத்தது 4. முதல் இரண்டு உறுப்புகளோடு நிறுத்தியவர் இதையும் கூட்டுத் தொடர்வரிசை என்பார்.

———

அப்படியானால் பட்டியலில் பதிவு இப்படி: பொது மாற்றம் – கூட்டுத் தொடர்வரிசையில் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு, எல்லா இடைவெளியிலும் ஒரே அளவாக, குறியோடு அமையும் மாற்றம். 'பொது வித்தியாசம்' காண்க என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். தேர்வுத்தாளில் அதுதானே வருகிறது.