கலீஃபா அல்-ஹாக்கிம், துரூஸ் சமயம்: எதைப் படிக்கலாம்?

நண்பர்களே, எகிப்தை 996 முதல் 1021 வரை ஆண்ட ஃபாத்திமி (ஷியா முஸ்லிம்) வம்சக் கலீஃபா அல்-ஹாக்கிம் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன். 1005-இல் கெய்ரோவில் அறிவு இல்லம் (நூலகமும் கல்விக்கூடமும் சேர்ந்தது) திறந்தவரும் இவர்தான். 1009-இல் எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் சொன்னவரும் இவர்தான். முலூக்கியா கீரைக்கும் தடை (கீரை என்ன பாவம் செய்ததோ!). 1021-இல் ஓர் இரவு கெய்ரோ அருகே முகத்தம் குன்றுப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. அக்கா சித்துல் முல்க் ஆள் வைத்துக் கொன்றார் என்று ஒரு பேச்சு. அல்-ஹாக்கிமை இறைவனின் வெளிப்பாடு என்று போதித்த ஹம்ஸா இப்னு அலியின் வழிவந்த துரூஸ் சமயத்தவருக்கோ அவர் மறைந்திருக்கிறார், வருவார்.

மகன் அஸ்-ஸாஹிர் காலத்தில் அவ்வளவு அடக்குமுறை இருந்தும் லெபனான், சிரியா மலைகளில் இந்த நம்பிக்கை எப்படித் தாக்குப்பிடித்தது? எதிரிகள் எழுதியதை மட்டும் நம்பாத நூல், தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பிடிஎஃப் வேண்டாம். பெயர் போதும், வாங்கிக்கொள்கிறேன்.