புதுப்பிப்பு: தங்கையின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் தெரிந்தது

பிரசவமான மறுநாளிலிருந்து படுக்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்தே இரவைக் கழிக்கும் என் தங்கையை, இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் உண்மை தெரிந்தது: சிறுவயதில் வந்த, மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கி, 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய திறப்பு அவளுக்கு 1 சதுர சென்டிமீட்டராகக் குறுகியிருக்கிறது. பிரசவத்துக்குப் பின் கருப்பையின் இரத்தமும் திசுக்களில் தேங்கிய நீரும் இரத்த ஓட்டத்துக்குத் திரும்பும்போது, அந்தக் குறுகிய வழியைக் கடக்க முடியாமல் அழுத்தம் பின்னோக்கி ஏறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. பத்து வயதில் அவள் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சலில் கிடந்ததை அம்மா இப்போதுதான் நினைவுகூர்ந்தார்; கர்ப்பகாலம் முழுவதும் அதை ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீர் பிரிக்கும் மருந்தால் நேற்றிரவு படுத்து உறங்கினாள். வியாழக்கிழமை வால்வைப் பலூனால் விரிக்கிறார்கள்.