ஈடன்வில் அணை: நீர் வழியாமலே உடைந்தது எப்படி?

கேள்வி: மிச்சிகனில் தனியார் மின் நிறுவனத்தின் ஈடன்வில் மண் அணை 2020 மே 19 அன்று உடைந்தது. உடைந்த இடத்தில் வெள்ளம் கரைமேல் ஏறவே இல்லையாம். அப்படியானால் மிகை நீரை வெளியேற்றும் வெள்ளப்போக்கி போதாததா காரணம்?

பதில் 1: நேரடிக் காரணம் அது இல்லை. போக்கியின் திறன் போதாது என்று 2018-லேயே மின் உற்பத்தி உரிமம் ரத்தானது உண்மைதான். ஆனால் கரையைச் சாய்த்தது நிலைத் திரவமாதல், அதாவது நீரில் ஊறிய தளர்ந்த மணல் நிலநடுக்கம் போன்ற அதிர்வு இல்லாமலே திடீரெனத் திரவம்போல் ஓடுவது. 1920-களில் சரியாக இறுக்காமல் கொட்டிய மணல், நீர்மட்டம் என்றுமில்லாத அளவு ஏறியதும் வலுவிழந்து சில நொடிகளில் சரிந்தது. கண்பார்வை ஆய்வில் இது சிக்காது. கூம்பு முனைத் தண்டை மண்ணுக்குள் அழுத்தி எதிர்ப்பை அளக்கும் கூம்பு ஊடுருவல் சோதனை போன்றவற்றைச் செய்தால்தான் தளர்ந்த அடுக்கு தெரியும்.

கேள்வி கேட்டவர்: அடிவாரக் கசிவை அளந்தால் போதாதா?

பதில் 2: அது வேறு நோய்க்கு: கசிவு நீர் அணையின் உள்மண்ணை அரிப்பதைக் கண்டுபிடிக்க. கசிவு நீரை 90 பாகை வி-வெட்டுத் தகட்டின் (V வடிவ வெட்டுள்ள அளவைத் தகடு) வழியே விடுங்கள்; வெட்டின் அடிமுனைக்கு மேல் 10 செ.மீ. நீர் நின்றால் கசிவு நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர். அளவைவிட நிறம் முக்கியம்: கலங்கி வந்தால் மண் அரிக்கிறது. கசியும் இடத்தைக் களிமண்ணாலோ கான்கிரீட்டாலோ அடைக்காதீர்கள், உள்ளழுத்தம் ஏறும். மணல், மேலே சரளை, அதன்மேல் கல் என்று வடிகட்டி போடுங்கள். நீர்த்தேக்கத்தை மெதுவாக இறக்குங்கள். அவசரப்பட்டால் நீர்ப்பக்கச் சரிவு வழுக்கும்.