பல அடுக்கு இன்சுலேஷன்: சிமுலேஷன் ஒன்று சொல்ல, சுவர் வேறொன்று சொன்ன அனுபவங்கள் (மூவர் எழுதியவை; எண் எழுதியவரைக் குறிக்கும்)

1.
ஃபர்னஸ் சுவர். உள்ளே செராமிக் ஃபைபர் பிளாங்கெட் (பீங்கான் இழைப் போர்வை), அடுத்து ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), வெளியே எஃகுத் தகடு. உள்பக்கம் 900 டிகிரி. சிமுலேஷனில் தகடு 58 என்று வந்தது, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். ஓடத் தொடங்கிய அன்று தகட்டில் கை வைத்த ஆபரேட்டர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. தெர்மல் கேமராவில் பார்த்தால் பச்சைப் பரப்பில் வரிசை வரிசையாக மஞ்சள் புள்ளிகள். பிளாங்கெட்டைச் சுவரோடு பிடித்திருக்கும் உலோகக் கம்பிகள், அதாவது ஆங்கர்கள்! புள்ளிமேல் 91. மாடலில் ஓர் ஆங்கரைக்கூட நான் போடவில்லை.

2.
ஆங்கர் மட்டும் காரணம் என்றால் கணக்கு உதைக்கிறதே. எத்தனை மிமீ, சதுர மீட்டருக்கு எத்தனை?

1.
8 மிமீ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பன்னிரண்டு.

2.
அப்படியென்றால் பரப்பில் 0.06 சதவீதம். கம்பி பிளாங்கெட்டைவிட 200 மடங்கு கடத்தும் என்றே வைப்போம். மொத்த வெப்பம் 12 சதவீதம் கூடும், அவ்வளவுதான். 58 எப்படி 91 ஆகும்? வெப்பக் கடத்துதிறனுக்கு எல்லா வெப்பநிலைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தீர்களா? நானும் ஒருமுறை அப்படிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அறை வெப்பத்தில் 0.04 W/m·K பக்கம் இருக்கும் ஃபைபர், 800 டிகிரியில் 0.2 பக்கம் போய்விடும். இழைகளுக்கு நடுவே கதிர்வீச்சு புகுந்துவிடுகிறது. புள்ளிகளை விடுங்கள், நடுவிலுள்ள பச்சை எத்தனை டிகிரி?

3.
என்னுடையது குளிர்ப்பக்கம். திரவ நைட்ரஜன் பாத்திரம், வெற்றிடத்துக்குள் பளபளக்கும் படலம் அடுக்கடுக்காக. எல்லாவற்றையும் ஒரே திண்மமாக மாடல் செய்தேன். நிரப்பிய சற்று நேரத்தில் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உறைபனி வளையம். அங்கே படலத்தை மடித்து இறுக்கியிருந்தார்கள். அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால் வெப்பம் நேரே கடந்துவிடும்.

முதலில் எழுதியவருக்குச் சில விஷயங்கள். மெஷ் போடும் முன், அதாவது மாடலைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் முன், ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் கடத்துதிறனால் வகுத்துக் கூட்டுங்கள்; அதுதான் அடுக்குகளின் மொத்த வெப்பத் தடை. கைக்கணக்கோடு ஒத்துவராத சிமுலேஷனை அங்கேயே நிறுத்துங்கள். வெளிமுகத்துக்கு நிலையான வெப்பநிலை கொடுக்காதீர்கள்; காற்றும் கதிர்வீச்சும் எடுத்துப்போவதைக் கொடுங்கள். அப்புறம், உங்கள் தகடு பளபளப்பா? பளபளப்பான முகம் கதிர்வீச்சைக் குறைவாக விடும். அதனால் வெப்ப இழப்பு குறைந்தாலும் தொட்டால் அதிகம் சுடும். கேமராவும் அதில் தப்பான எண்ணைக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அளந்தீர்களா? மெல்லிய தகட்டுக்கு, தடிமனை வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ளும் ஷெல் எலிமென்ட் போதும், தடிமன் பூராவும் மெஷ் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

1.
பெயின்ட் அடித்த தகடுதான், அளவு சரி. ஒரே எண் 0.05 கொடுத்தேன், உண்மை. வெப்பநிலை வாரியான அட்டவணையோடு நேற்று ராத்திரி மறுபடி ஓட்டினேன். ஆங்கர் இல்லாமலே 80 வந்தது. பழைய படத்தையும் திறந்து பார்த்தேன். பச்சை 83.