நுரை, செப்டிக் லாரி, உறைக்குழி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ராகிக்களி
ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை நுரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிச் சாக்கடை தென்பெண்ணையில் கலந்து, மதகு திறந்ததும் பொங்கும். போன மழையில் அணைக்குக் கீழே தரைப்பாலத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறேன், எதிரே இருந்து ஒரு பால்காரர் கம்பால் ரோட்டைத் தட்டித் தட்டி நடந்தே வருகிறார். தலையில் கேன், மூடிமேல் ஈரத்துண்டு. வெளியே வந்து புருவத்து நுரையை வழித்து மோந்து பார்த்தார். “சோப்பு வாசனைனு சொல்றாங்க, சாக்கடைதாங்க” என்றார். அந்தப் பாலை யார் வாங்கினார்களோ, இன்னமும் யோசிக்கிறேன்.

ஊத்தங்கரை மாப்பிள்ளை
பெங்களூரைத் திட்டுவது சுலபம் தம்பி. எங்கள் ஏரிக்கு வரும் ஓடையில் ராத்திரி செப்டிக் லாரி குழாயை விட்டுக் காலி செய்ததைப் பார்த்தேன். சத்தம் போட்டேன், கண்டுகொள்ளவில்லை. முடித்துவிட்டு டிரைவர் நேராக என்னிடம் வந்து, “அண்ணா, கை கழுவக் கொஞ்சம் நல்ல தண்ணி இருக்குங்களா?” என்றான். ஓடைக்கரையில் நின்றுகொண்டு!

பாலக்கோடு அக்கா
என் தங்கை வீட்டு போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் (கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் உப்பு) அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் கைக்குழந்தைக்கும் அதில்தான் பால் கலக்கினார்கள். கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்றார் தங்கை வீட்டுக்காரர்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நம் பக்கம் எல்லாரும் கக்கூசுக்கு ஒரே உறைக்குழியை (சிமெண்ட் உறை அடுக்கிய குழி) ஆழமாக இறக்கி, “ஆயுசுக்கும் நிரம்பாது” என்று பெருமைப்படுகிறார்கள். நிரம்பவில்லை என்றால் பாறை வெடிப்பு வழியாக எங்கேயோ போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் உங்கள் போர்வெல்லுக்குத்தான். ஆழம் வேண்டாம், ஒரு மீட்டர் சொச்சத்தில் இரண்டு குழி போதும். அடியில் கான்கிரீட் போடாதீர்கள். சுவரில் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்புங்கள். இரண்டு வருஷம் விட்டால் அடைத்தது மக்கி உரமாகிவிடும், லாரியே வேண்டாம். கிணறு, போர்வெல்லிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், பாறையில் அதுவும் பத்தாது. செப்டிக் டேங்க் உள்ளவர்கள் வெளிவரும் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சு குழிக்கு விடுங்கள்.

ராகிக்களி
அக்கா, குழி கட்ட வழி கேட்கவில்லையே. ஒரு நதியே நுரைத்துப் போகிறது, நீங்கள் வீட்டுக்கு வீடு கணக்குப் பார்க்கிறீர்கள்.

இருமத்தூரான்
எனக்கு வேலை கடலூரில். ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்தபின் பெண்ணையாறு கடலில் சேரும் தாழங்குடா முகத்துவாரத்துக்குப் போனேன். வலையிலிருந்து டயப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். பெண்ணையாற்றங்கரை என்று சொன்னதும் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இது உங்க ஊருதா, பெங்களூருதா?” என்றார். சிரிக்கவில்லை. இருமத்தூரிலும் சாக்கடை ஆற்றுக்குத்தான் போகிறது, என்ன சொல்வது? ராகிக்களி தம்பி, நீங்களே சொல்லுங்கள்.

ஊத்தங்கரை மாப்பிள்ளை
அக்கா, ஏற்கெனவே உறை இறக்கியாச்சு. அதையே ஒரு குழியாக வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்று கட்டலாமா, இல்லை மூடித்தான் ஆகணுமா?