எலெக்டிவ் பாடம்: என்பிடெல்ல எடுக்கலாமா, கிளாஸ்லயே உக்காரலாமா?

கேள்வி (ஈசிஇ மூணாம் வருஷம்):
வர்ற செமஸ்டர்ல ஒரு எலெக்டிவுக்கு (நாமளே தேர்ந்தெடுக்கற பாடம்) பதிலா ஸ்வயம்-என்பிடெல், அதாவது ஐஐடி மாதிரி நிறுவனங்க ஆன்லைன்ல நடத்தற 12 வாரக் கோர்ஸ் எடுத்துக்கலாம்னு டிபார்ட்மென்ட்ல சொல்றாங்க. நேரம் மிச்சம்னு பாதிப் பேர் அந்தப் பக்கம் சாயறாங்க. ஆனா சீனியர்கள்ல நிறைய பேர் நடுவுலயே விட்டுட்டாங்க. ஏன் அப்படி ஆகுது?

பதில் (மென்டர்):
நேரம் மிச்சம்னு வர்றவங்கதான் முதல்ல விட்டுட்டுப் போறாங்க. பெரும்பாலான கோர்ஸ்ல வாரத்துக்கு அரை மணி வீடியோ அஞ்சு இருக்கும், அதுக்கு மேல அசைன்மென்ட். கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் பயமே உக்கார வெச்சிடும். இங்க ஏன்னு கேக்க ஆள் இல்ல.

கவுக்கறது அசைன்மென்ட். டெலிகிராம்ல விடை வரும், பார்த்து டிக் அடிச்சா 25-க்கு 25. பன்னிரண்டுல சிறந்த 8 மட்டும்தான் கணக்குங்கறதால, எட்டு முடிஞ்சதும் வீடியோவையும் நிறுத்திடறாங்க. பரீட்சையோ 12 வாரப் பாடத்துக்கும், அதுவும் நேர்ல சென்டர்ல, 75 மார்க்குக்கு. அதுல 30, அசைன்மென்ட்ல 10, ரெண்டையும் தனித்தனியா தாண்டணும். 25-ம் 29-ம் சேர்ந்து 54 வந்தாலும் சர்டிபிகேட் கிடையாது.

பதில் (சிஎஸ்இ):
அஞ்சு வீடியோவையும் ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளாதீங்க, தினம் ஒண்ணு போதும். நாலு பேர் சேர்ந்துக்கிட்டு, கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆப்ஷனை மறைச்சுட்டு கணக்கைப் போட்டுப் பாருங்க. ஆளாளுக்கு வேற விடை வந்தா அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்க. அப்புறம், கோர்ஸ்ல சேர்றது இலவசம்தான், ஆனா பரீட்சைக்குத் தனியாப் பதிவு பண்ணிப் பணம் கட்டணும். அந்தத் தேதியைத் தவற விட்டவங்க உண்டு.

பதில் (ஈஇஇ):
பாடத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க. சர்க்யூட் கட்டி, சிக்னல் வரலன்னா எங்க விட்டோம்னு தேடற பாடத்துக்குக் கிளாஸ்தான். பக்கத்துல நிக்கற லேப் அசிஸ்டென்ட் ஒரு நிமிஷத்துல காட்டற லூஸ் கனெக்‌ஷனை வீடியோ காட்டாது. புரோகிராமிங், ப்ராபபிலிட்டி மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேக்க வேண்டியதுக்கு என்பிடெல்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆங்கில லெக்சர் வேகமா போகுதே?

பதில் (மென்டர்):
வீடியோவை 0.75 வேகத்துல வைங்க. சில கோர்ஸுக்குத் தமிழ்ல எழுத்து வடிவம் பிடிஎஃபா இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி உங்க கோர்ஸுக்கு இருக்கான்னு என்பிடெல் தளத்துல பாத்துக்கோங்க.